இல்லை சொல்லாத சங்கு

சங்கிடம் கூண்டு எங்கே என்று கேட்டால், "வந்துகிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லும். எழுந்ததும் கேட்டாலும் அதுதான், சாப்பிட்டுவிட்டுக் கேட்டாலும் அதுதான். எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். குரல் மாறாமல் அதையே சொன்னது. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்பது எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். சங்குக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது கடலுக்கு அடியில். தூத்துக்குடியிலிருந்து நல்ல தூரத்தில், முந்நூறு மீட்டர் ஆழத்தில், ஒரு கம்பெனி தன்னுடைய கணினிப் பெட்டிகளை அடிமண்ணில் இறக்கி வைத்திருந்தது. கரையில் வைத்தால் பெட்டிகள் சூடாகின்றன, குளிரவைக்கக் கரண்ட் செலவாகிறது. கீழே அந்த வேலையைக் கடலே சும்மா செய்துவிடும். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர், ஒரு இரும்பு வீட்டுக்குள். வீடு என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் என் முழங்கை யாருடைய விலாவிலாவது இருக்கும். ஜன்னல் கிடையாது. கதவு ஒன்றே ஒன்று, உள்பக்கமாகத் திறப்பது. மேலே நிற்கும் கப்பலிலிருந்து இரும்புக் கயிற்றில் ஒரு கூண்டு இறங்கி வந்து அந்தக் கதவோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு கதவைத் திறந்து ஏறிப் போகலாம். ஒட்டாத நேரத்தில் திறந்தால் கடல்தான் உள்ளே வரும்.

நான் பெர்க்மான்ஸ், மெக்கானிக். எங்கள் தலைவர் லெப்பை சார், காயல்பட்டினத்துக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மூன்றாவது ஆள் இசக்கியம்மாள், முக்கூடல் பிள்ளை. சங்கை எழுதியவள் அவள்தான்.

சங்கு ஒரு சாட்பாட். அந்த இரும்பு வீட்டில் எதுவானாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, காற்று, பூட்டு, கப்பலுக்குச் சேதி, வீட்டுக்குச் சேதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளகின். பிளகின் என்றால் சங்குக்குள் செருகி வைத்த ஒரு குட்டி வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சங்கிடம் கேட்போம், சங்கு அந்த வேலைக்காரனிடம் கேட்கும், அவன் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான்.

எங்கள் முறை முடிந்து, மாற்று ஆட்கள் வரவேண்டிய நாள் தாண்டியிருந்தது. கூண்டை அனுப்பச் சொல்லிக் கப்பலுக்குச் சேதி போட்டுவிட்டோம். கூண்டு வரவில்லை. நாங்கள் விடும் மூச்சிலிருக்கும் கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ள டப்பா டப்பாவாகச் சுண்ணாம்பு வைத்திருந்தார்கள். அது குறைந்துகொண்டே வந்தது. தலைவலி முதலில் லெப்பை சாருக்கு வந்தது, அப்புறம் எனக்கு.

அவசரத்துக்கு என்று ஒரு உருண்டை உண்டு. இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். பூட்டை விட்டால் தானாக மேலே மிதந்து போய்விடும், திரும்பி வராது. ஆனால் கூண்டு இறங்குகிற வழியில் உருண்டை போய் மோதிவிடக் கூடாது அல்லவா. அதனால் கூண்டு வந்துகொண்டிருக்கும்வரை பூட்டு விடாது.

"மூணு பேரு ரெண்டு பேரு உருண்டைல எப்படிப் போறது? கூண்டு வருதுன்னுதானே சொல்லுது. இன்ஷா அல்லாஹ் வந்துரும், பொறுப்போம்" என்றார் லெப்பை சார்.

பொறுத்தோம். உண்மையைச் சொன்னால் அந்தப் பதில் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. கூண்டு வருகிறது என்று இருக்கும்வரை, உருண்டையில் ஏறும் இரண்டு பேர் யார், ஏறாத ஒருவர் யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவரவர் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்த ஒரு நேரத்தில், சும்மா வாய்க்கொழுப்பில் சங்கிடம் கேட்டேன். "எங்க ஊரு மாதா கோயில் தேர் எங்க வருது?"

"வந்துகிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றது சங்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்நூறு மீட்டர் ஆழத்துக்குத் தங்கத் தேர் வருகிறதாம். இசக்கியும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு வந்து விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். "யானை எங்கே" என்று அடித்தாள். வந்துகிட்டிருக்கு. "மழை எங்கே" என்று அடித்தாள். வந்துகிட்டிருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"கூண்டு வரலைண்ணே" என்றாள்.

"பின்ன இது என்ன சொல்லுது?"

"இது ஒண்ணுமே சொல்லல. நான் எழுதிக் குடுத்தத வாசிக்குது."

லெப்பை சாரும் பக்கத்தில் வந்து நின்றார். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் பொறுமையாகவே சொன்னாள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"சங்க எழுதினது ரூபிங்கற கணினி மொழில. எழுத்து, எண், நேரம், இதெல்லாம் அந்த மொழிகூடவே பிறந்த கிளாசு, ஒவ்வொண்ணும் ஒரு வகைன்னு வச்சுக்கோங்க. வேற மொழின்னா அதுக மேல லேசுல கைய வைக்க விடமாட்டாங்க. ரூபில நம்ம இஷ்டத்துக்குத் தொறந்து, இந்தா உனக்கு இன்னொரு வேலை தெரியும்னு ஒரு ஹெல்பர எழுதிச் சேத்துறலாம். சேத்துட்டா, எந்த மூலைல எவன் எழுதின பிளகினா இருந்தாலும் அதுக்கும் அந்த வேலை வந்துரும். ஒவ்வொரு இட்லிக்கும் உப்புப் போடாம மாவுலயே போட்டுருதோம்லா, அப்படி."

"நீ எந்த மாவுல போட்ட?" என்று கேட்டேன்.

"வெறுங்கைல. அதுக்கும் ஒரு கிளாசு உண்டுண்ணே, நில்லுன்னு பேரு, இங்கிலீசுல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஒண்ணக் கேட்டு எந்தப் பதிலும் வராட்டி கைல கெடைக்கது அதான். முன்ன சங்கு அத இல்லைன்னு வாசிச்சிட்டிருந்துச்சு. பால் இருக்கா, இல்லை. வீட்டுல இருந்து சேதி உண்டா, இல்லை. கேக்கதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நம்ம வீட்டுல அரிசி தீந்துட்டா இல்லைன்னா சொல்லுதோம்? நெறஞ்சிருக்குன்னுதான சொல்லுதோம். வாசப்படி தாண்டும்போது போறேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார் லெப்பை சார். "எந்திரிச்சதும் எந்திரிக்காததுமா அது இல்லை இல்லைன்னு சொல்லும். நம்ம ஆளுங்க வீட்ட விட்டு வந்து கிடக்குற இடம். இந்தச் சொல்லு இங்க வேண்டாம்மான்னு கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க, நானும் சந்தோசமா எழுதினேன். நில்லுங்கற கிளாசத் தொறந்து, உன்ன யாராவது பேசச் சொன்னா வந்துகிட்டிருக்குன்னு சொல்லுன்னு ஒரே ஒரு வரி. எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு. பொறவு பிளகின் எழுதினவங்க எல்லாரும் அது வழியாத்தான் பதில வாங்குதாங்க."

"சரி, உருண்டைப் பூட்டு?"

இதைத்தான் கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பூட்டும் அப்படித்தாண்ணே. கூண்டு வருதான்னு கேக்கும். வெறுங்கை வந்தா தொறந்துக்கும். ரூபில வெறுங்கையும் பொய்யும் மட்டுந்தான் இல்லைன்னு கணக்கு. மத்தது எதக் குடுத்தாலும் ஆமான்னு எடுத்துக்கும். என்னோட ஹெல்பரு நடுவுல பூந்து அந்த வாக்கியத்தக் கைல குடுக்குது. அது கூண்டு வருதுன்னு நெனச்சுப் பூட்டிக்கிட்டே கெடக்கு."

மரியாதைக்காகப் பூட்டிக் கிடந்தோம். எனக்கு இரும்புச் சுவரை ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. குத்தவும் செய்தேன். கைதான் வலித்தது.

"அந்தப் பூட்டுப் பிளகின மட்டும் மாத்திரு" என்றேன்.

"பாதுகாப்புப் பிளகின் அது, முத்திர போட்டுத்தான் அனுப்புவாங்க. என்னால தொட முடியாது. அதுக்கு அடியில கெடக்கே ஹெல்பரு, அத எடுக்கலாம். எடுத்தா பூட்டு வெறுங்கைய வாங்கித் தொறந்துக்கும், ஆனா மத்த எல்லாப் பிளகினும் படுத்துரும். காத்து ஓட்டுற விசிறியும் சேத்து. அது ஒவ்வொண்ணையும் உக்காந்து கையால எழுப்பணும்."

உருண்டை போக வேண்டுமானால் ஹெல்பரை எடுக்க வேண்டும். எடுத்தால், இங்கே இருக்கப்போகிறவருக்கு மூச்சு ஓட ஒருவர் ரூபி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு தானாகவே முடிந்துவிட்டது.

"நான் இருக்கேன். வயசான ஆளு. நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார் லெப்பை சார்.

"சாருக்கு ரூபி தெரியுமா?"

"கிண்டல் பண்ணாதம்மா."

"கிண்டல் இல்ல சார். மூணு பேருக்குக் காணாத சுண்ணாம்பு ஒருத்திக்குத் தாராளமாக் காணும். விசிறி மட்டும் ஓடணும். நீங்க இருந்தா அது ஓடாது. அண்ணன் இருந்தா சுவத்தக் குத்துவாரு."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட மோசம், அதற்கு முன்னால் ஒரு நொடி, ஏறப்போகிற இரண்டு பேரில் நான் ஒருவன் என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி ஓடியது. வயதுப் பிள்ளையைக் கடலுக்கடியில் தனியாக விட்டுவிட்டுப் போகிற இரண்டு ஆம்பளைகளில் நானும் ஒருத்தன். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது, அதனால் அப்படியே சொல்லிவிட்டேன்.

"நாங்க கெளம்பிப் போனதும் அந்த வரிய மறுபடி போட்டுரும்மா. விசிறியெல்லாம் உடனே ஓடும்ல" என்றார் லெப்பை சார்.

"போட மாட்டேன் சார்" என்றாள் இசக்கி. "ஒவ்வொண்ணுலயும் கையால எழுதுவேன். ஒண்ணும் வராட்டி இல்லைன்னு சொல்லுன்னு. கேக்க நல்லா இல்லாட்டியும் பரவால்ல, பொய் வேண்டாம்."

லெப்பை சார் அவள் தலையில் கையை வைத்து எடுத்தார். நாங்கள் உருண்டைக்குள் ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படுகிற மாதிரி உட்கார்ந்தோம். அவள் மூடியைத் திருகி இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் விசிறிச் சத்தம் நின்றது. இத்தனை நாள் அந்தச் சத்தம் காதிலேயே விழுந்ததில்லை, நின்றபோதுதான் அது எங்கும் இருந்தது தெரிந்தது. அப்புறம் பூட்டு விட்டது.

மேலே வந்தபோது கப்பல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் தளத்தில் துணி காயப் போட்டிருந்தார்கள். எங்களைத் தூக்கி விட்டவன் வின்ச் ஆபரேட்டர் டெல்வின், என் பக்கத்துத் தெருப் பையன்தான், கயிற்றை இறக்கி ஏற்றுகிற வேலை அவனுக்கு. ஆவியைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தான்.

"ஏன் அண்ணே உருண்டைல வாறீங்க? கூண்டுக்கு நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டுல்லா இருக்கோம்."

"கூப்பிட்டோம்ல."

"வரலையே. வேளாவேளைக்குச் சங்குகிட்டக் கேட்டோம், கீழ இருந்து அழைப்பு உண்டான்னு. வந்துகிட்டிருக்குன்னே சொல்லிச்சு. சரி, சோலி முடியல போலன்னு இருந்துட்டோம்."

கப்பலிலும் அதே சங்கு, மாவிலேயே அதே உப்பு. கீழே போகிற தகவல் கேபிள் எங்கோ அறுந்து கிடந்திருக்கிறது. நாங்கள் கூண்டு வரும் என்று கீழேயும், அவர்கள் அழைப்பு வரும் என்று மேலேயும், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மரியாதையாக எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். லெப்பை சார் தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் டெல்வின் சட்டையைப் பிடித்துக் கூண்டை இறக்கு என்றேன். அவன் கடலைக் காட்டினான். காற்று மாறி, கடல் எழும்பி நின்றது. இந்த அலையில் இறக்கினால் கயிறு தாங்காது, இருக்கிற ஒரு கூண்டும் போய்விடும் என்று கேப்டன் மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். சரி என்பதால் இன்னும் கோபம் வந்தது. அவளுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது, சோறு இருக்கிறது, விசிறியை எழுப்பியிருப்பாள், கெட்டிக்காரி என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். கப்பலில் இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் நான் முழங்கையை மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கடல் இறங்க அடுத்த நாளும் போய்விட்டது. கூண்டு இறங்கியபோது நானும் அதற்குள் இருந்தேன். யார் தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்று தெரிந்து யாரும் தடுக்கவில்லை.

கூண்டு போய் இரும்பு வீட்டுக் கதவோடு ஒட்டியது. நடுவிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. ஸ்பானரை எடுத்துத் தட்டினேன். "ஏட்டி இசக்கி, நான்தான், தொற" என்று கத்தினேன். அந்த இரும்பின் கனத்துக்குச் சத்தம் போகும், சொல் போகாது. தட்டுகிறேன், காதை வைத்துக் கேட்கிறேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசிறி ஓடுகிறது, அப்படியென்றால் மூச்சு இருக்கிறது. மூச்சு இருக்கிறவள் ஏன் திறக்கமாட்டேன் என்கிறாள்? அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது. செய்தவனை நினைத்துத் திட்டினேன். கை ஓயும்வரை தட்டினேன். அப்புறம் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு, கதவில் நெற்றியை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்து டெல்வின் கூண்டுத் தொலைபேசியில் என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

தட்டுவதை நான் விட்டு ரொம்ப நேரம் கழித்து, உள்ளே தாழ் திரும்புகிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. இசக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒரு கை தாழில், ஒரு கை பக்கத்துக் குழாயில். முகத்தைத் திருப்பி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இசக்கி" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் காலடியைப் பார்த்தாள். காய்ந்த தரையைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். எதிரே திரையில் அவள் கேட்டதும் சங்கு சொன்னதும் வரிசையாகக் கிடந்தன.

உருண்டை மேலே போய்ச் சேர்ந்ததா? இல்லை.

சார் இருக்காங்களா? இல்லை.

பெர்க்மான்ஸ் அண்ணன் இருக்காரா? இல்லை.

இதையே எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். கடைசியில், கதவுக்கு வெளியே யாராவது இருக்காங்களா என்று கேட்டிருந்தாள். அதற்கும் அதே பதில்.

"கேபிள் அறுந்து கெடக்கு இசக்கி. நாங்க மேல போனோமா, முங்கிச் செத்தோமா, அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னு ஒரு பதில் நான் எழுதிக் குடுக்கலையேண்ணே" என்றாள். "வெறுங்கை வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னேன். அது சொல்லிச்சு. நான் நம்பிட்டேன். பொய் சொல்லாதபடி நானே எழுதினதாச்சே."

"நான் தட்டினது கேக்கலையா?"

"கேட்டுச்சு. காத்து கெட்டுப்போச்சு, அதான் காதுல என்னமோ கேக்குதுன்னு நெனச்சேன். வெளிய யாரும் இல்லன்னு அதுவும் சொல்லிச்சு."

"பெறவு எப்படி நம்பித் தொறந்த?"

அவள் என்னைப் பார்க்காமல் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"நம்பித் தொறக்கலண்ணே" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கடலுக்குத்தான் கதவைத் திறந்திருக்கிறாள் என்று புரிந்ததும் அவள் கையைப் பிடித்தேன். கூண்டில் ஏறும்போதும், மேலே போகும்போதும், கப்பலில் லெப்பை சார் வந்து பிரித்து எடுக்கும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.